பனிக்காலமும் மோட்டார்ப் பற்றரியும்

தை மாதத்து விடியற்காலையிலே நுவரெலியாவில் நின்று பார்த்தவர்களுக்கு நான் சொல்லப்போவது புதிய காட்சியன்று. இரவு முழுவதும் வானம் மேகமின்றித் துலங்கிக் கிடக்கும். விடிந்ததும் கிறகரி வாவிக் கரைப் புல்வெளியும், குதிரைப் பந்தயத் திடலும், தாழ்ந்த பள்ளங்களில் நிற்கும் தேயிலையும் மாவைத் தூவியதுபோல வெள்ளை உறைபனி போர்த்திருக்கும். அந்நேரத்தில் ஏதோவொரு வீட்டுக் கொட்டகையிலிருந்து ஓர் ஓசை எழும். இளைப்பு நோய்க்காரர் படியேறுவது போல மூன்று முறை இழுத்து இழுத்துக் கேட்கும்; பின்னர் 'டிக்' என்ற ஒரே ஒலியோடு ஓய்ந்துவிடும். கார் புறப்பட மறுத்துவிட்டது.

"குளிர் பற்றரியைக் குடித்துவிட்டது" என்பார் காருக்குரியவர். நானுஓயாவிலும் தலவாக்கலையிலும் ஹட்டனிலும் பல காலமாகச் சொல்லப்பட்டுவரும் வார்த்தை இது. நேயர்களே, இந்தக் குற்றச்சாட்டு உண்மைதானா என்பதைச் சற்று விசாரித்துப் பார்ப்பதே இன்றைய பேச்சின் நோக்கம். குளிருக்கு இதில் பங்கே இல்லையென்று நான் வாதிடப் போவதில்லை. ஆனால், கள்வன் வேறொருவன். குளிர் அந்தக் களவைக் காட்டிக் கொடுப்பது மாத்திரமே என்பது என் முடிவு.

இது வசதி படைத்தோரின் சிறு தொல்லை என்று எவரும் எண்ண வேண்டாம். தோட்டப் பகுதியிலே ஒரு டிவிசன் முழுவதற்கும் ஒன்றோ இரண்டோ வாகனங்கள்தாம் இருக்கும். அவை பெயருக்கு ஒருவருடையவை. இரவில் எவருக்கேனும் நெஞ்சுவலி கண்டாலும், பிள்ளை பெறும் வேதனை கண்டாலும் லயத்து மக்கள் அனைவருக்கும் உரியவை. 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் வரும் அம்புலன்ஸ் சேவை 2016 ஆம் ஆண்டு இந்திய உதவியோடு தொடங்கி, பின்னர் மலைநாட்டுக்கும் வந்தது. அது பெரிய உபகாரம். எனினும், பெருந்தெருவிலிருந்து ஐந்தாறு மைல் உள்ளே, கற்கள் பெயர்ந்த தோட்டப் பாதையில், மூடுபனியில், அது வந்து சேரும் வரை காத்திருக்க முடியாத வேளைகள் உண்டு. அப்பொழுது கொட்டகையில் நிற்கும் பழைய காரைத்தான் தட்டி எழுப்ப வேண்டியிருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன், ஹட்டனுக்கு மேலேயுள்ள ஒரு தோட்டத்தில் உறவினர் வீட்டில் நான் தங்கியிருந்தேன். மாசி மாதம். அயல்வீட்டில் ஓய்வுபெற்ற பெரிய கிளாக்கர் ஒருவர் இருந்தார். அவரிடம் ஒரு மொறிஸ் மைனர் கார். மாதம் ஒரு முறை ஹட்டன் பட்டினத்துக்குப் போய்வருவது தவிர அதற்கு வேறு வேலை கிடையாது. இரவு இரண்டு மணியளவில் கதவு தட்டப்பட்டது. கீழ் லயத்தில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வேதனை; நாள் குறித்திருந்ததற்கு மூன்று வாரம் முன்னதாகவே தொடங்கிவிட்டது. கிளாக்கர் ஐயா போர்வையோடு ஓடிவந்து சாவியைத் திருப்பினார். காரிலிருந்து எழுந்தது அந்த 'டிக்' என்ற ஒலிதான்.

அவருடைய கொட்டகை ஒரு சரிவின் தலையில் இருந்தது எங்கள் பாக்கியம். எட்டுப் பேர் காரை வெளியே தள்ளினோம். அந்தப் பெண்ணைத் தாயும் மாமியாரும் தாங்கிப் பின்னாசனத்தில் ஏற்றினார்கள். கார் இருட்டிலே ஓசையின்றி உருண்டு போனது, முதல் வளைவுக்குக் கிட்டப் போனதும் ஐயா இரண்டாங் கியரில் கிளச்சை விட்டார், ஒரு குலுக்கல், எஞ்சின் பிடித்துக்கொண்டது. டிக்கோயா வைத்தியசாலையில் விடியுமுன் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. அன்று எங்களைக் காத்தது பற்றரியன்று, மலைச்சரிவு. கொட்டகை சமதரையில் இருந்திருந்தால் என்ன நேர்ந்திருக்குமோ என்று அந்த வீட்டார் இன்றும் பேசிக்கொள்வதுண்டு.

மறுநாள் அந்தப் பற்றரியை நான் சோதித்துப் பார்த்தேன். அதில் கண்டதைச் சொல்லுமுன், பற்றரி என்பது என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

1859 ஆம் ஆண்டு பிரான்சு தேசத்துக் காஸ்தோன் பிளாந்தே என்பவர் இரண்டு ஈயத் தகடுகளைச் சுருட்டிக் கந்தக அமிலத்தில் அமிழ்த்தி, அவற்றில் மின்னைச் செலுத்திச் சேமிக்கவும் திரும்பப் பெறவும் கூடும் என்று காட்டினார். இன்றைய கார்ப் பற்றரியும் அதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். அதனுள் ஆறு அறைகள் உண்டு. ஒவ்வொன்றும் ஏறக்குறைய இரண்டு வோல்ற்று தரும். ஒரு தகடு ஈயவொட்சைட்டு, மற்றையது பஞ்சுபோன்ற ஈயம், நடுவே நீர் கலந்த கந்தக அமிலம். மின்னை நாம் எடுக்கும்போது அமிலத்தின் கந்தகப் பகுதி இரு தகடுகளிலும் சென்று ஒட்டி ஈயசல்பேற்று என்னும் வெண்பொருளாகிறது. அமிலம் வரவர வெறும் நீராகிறது. மின்னை உள்ளே செலுத்தினால் அந்த வெண்பொருள் கரைந்து மீண்டும் அமிலமாகிறது. ஆகவே, பற்றரியிலுள்ள திரவம் நீரைவிட எத்தனை மடங்கு கனமானது என்பதை அளந்தால் அதில் எவ்வளவு மின் மிஞ்சியிருக்கிறது என்பது தெரிந்துவிடும். நிறைந்த பற்றரியில் அந்த எண் 1.26 முதல் 1.28 வரை இருக்கும். 1.19 என்றால் பாதி. 1.12 என்றால் ஒன்றுமில்லை.

இந்த வெண்பொருளைப் பற்றி ஒன்றை மனத்தில் இருத்த வேண்டும். அது புதிதாகப் படிந்திருக்கும்போது மென்மையாய் இருக்கும். மின் பாய்ந்தவுடன் கரைந்துபோகும். ஆனால் வாரக்கணக்கில் அப்படியே விட்டுவிட்டால் சிறு துகள்கள் கூடிப் பெரிய பளிங்குகளாக இறுகிவிடும். பானையின் அடியிற் சோறு பிடித்தால் உடனே நீரூற்றிக் கழுவுவது எளிது. இரண்டு நாள் காயவிட்டால் சுரண்டினாலும் போகாது. பற்றரிகள் காலத்துக்கு முன் மாள்வதற்குப் பெருங்காரணம் இதுவே. பாதி வெறுமையாய் நெடுங்காலம் நிற்பதுதான் பற்றரியைக் கொல்லும் நோய்.

இனிக் குளிரின் பக்கத்தைக் கேட்போம். சும்மா இருக்கும் பற்றரி தனக்குள்ளேயே மெல்ல மெல்ல மின்னை இழந்துகொண்டிருக்கும். இந்த இழப்பு ஓர் இரசாயன மாற்றம். ஆதலால் வெப்பம் கூடினால் அதுவும் கூடும். பத்துப் பாகை ஏறினால் ஏறக்குறைய இரட்டிப்பாகும். கொழும்பின் ஆண்டுச் சராசரி வெப்பம் 27 பாகைக்கு மேல். நுவரெலியாவிலோ 16 பாகையளவு. அப்படியாயின், கழற்றி வைத்த ஒரே விதமான இரு பற்றரிகளில் கொழும்பில் இருப்பது நுவரெலியாவில் இருப்பதைவிட இரு மடங்கு விரைவாகச் சோர்ந்துபோகும். சும்மா இருக்கும் பற்றரிக்கு நுவரெலியா ஒரு சுகவாசத்தலம் என்றே சொல்லலாம். குளிர் மின்னைக் குடிக்கிறது என்ற குற்றச்சாட்டு இந்த இடத்திலேயே விழுந்துவிடுகிறது.

பின் குளிர் செய்வது யாது? அது கொடுக்கும் கையைக் கட்டிப் போடுகிறது. குளிரில் அமிலம் தகட்டின் நுண்துளைகளுக்குள் விரைந்து புகமாட்டாது. உறைநிலைக்குக் கிட்டிய குளிரிலே ஒரு நல்ல பற்றரியும் தன் முழு வேகத்தில் ஐந்தில் ஒரு பங்கையோ மூன்றில் ஒரு பங்கையோ இழந்து நிற்கும். அதே வேளையில் எஞ்சின் எண்ணெய் பாகுபோல் தடித்து, எஞ்சினைச் சுழற்றுவதற்கு அதிக வலு வேண்டியிருக்கும். வரவு குறைந்து செலவு கூடிய குடும்பம் போன்ற நிலை. கையிருப்பு நிறைந்தவன் இந்த நெருக்கடியைத் தாண்டிவிடுவான். ஏற்கனவே பாதியை இழந்து நிற்பவன்தான் விழுவான். மார்கழியிலே இருபது பாகை வெயிலில் அந்தப் பாதிப் பற்றரி எப்படியோ காரைப் புறப்படச் செய்திருக்கும். ஆதலால் உரியவர் தம் பற்றரி நலமாயிருப்பதாகவே நம்பியிருப்பார். தையின் முதல் உறைபனி உண்மையை வெளிக்கொணர்கிறது.

வெளிநாட்டிலே, குறிப்பாகக் கனடாவில் வாழும் நம்மவர்களுக்கு இன்னோர் ஆபத்தும் உண்டு. மின் தீர்ந்த பற்றரியின் திரவம் பெரும்பாலும் நீர் என்று சொன்னேன். அது பூச்சியத்துக்குக் கீழே பத்துப் பாகையளவில் கட்டியாக உறைந்து பெட்டியையே பிளந்துவிடும். நிறைந்த பற்றரியோ அறுபது பாகைக் குளிரையும் தாங்கும். நமது மலைநாட்டில் வெப்பமானி பூச்சியத்தைத் தொட்டு மீள்வதே அரிது; ஆகவே பற்றரி உறைந்து பிளந்துவிடுமோ என்று இங்கு எவரும் அஞ்ச வேண்டியதில்லை.

இப்பொழுது கிளாக்கர் ஐயாவின் பற்றரிக்குத் திரும்புவோம். ஆறு அறைகளிலும் அளவுமானி 1.15 என்று காட்டியது. கால் பங்கு மின்கூட இல்லை. "நான் ஒரு ஞாயிறு தவறாமல் பத்து நிமிடம் எஞ்சினை ஓடவிடுகிறேனே, பிறகு எப்படி?" என்று அவர் மிகுந்த வருத்தத்தோடு கேட்டார். அந்தப் பத்து நிமிடம்தான் கள்வன் என்பதை அவருக்கு எடுத்துச்சொல்ல எனக்கு மனம் வரவில்லை, எனினும் சொன்னேன்.

கணக்கு எளிது. மொறிஸ் மைனர் போன்ற பழைய கார்களில் மின்னைப் பிறப்பிப்பது டைனமோ. எஞ்சின் மெல்ல முனகிக்கொண்டு நிற்கும் வேகத்தில் டைனமோ பற்றரிக்கு ஒன்றுமே அனுப்பாது. பாதையில் ஓடும் வேகம் வந்த பின்புதான் அனுப்பும். முன்தட்டிலுள்ள சிவப்பு விளக்கு மினுங்கிக்கொண்டிருப்பது அதற்கு அடையாளம். புறப்படச் செய்வதற்கு ஓர் இழுப்பு; அதன்பின் பொறி உண்டாக்கும் சுருளுக்குப் பத்து நிமிடமும் மூன்று அம்பியர் வீதம். இரண்டும் சேர்ந்து முக்கால் அம்பியர்மணி அளவு. ஆக, ஞாயிறுதோறும் ஐயா தம் உண்டியலில் காசு போடுவதாக எண்ணிக்கொண்டு காசை எடுத்துக்கொண்டிருந்தார். மாதத்துக்கொரு முறை ஹட்டன் போகும் பயணத்திலாவது அது ஈடுசெய்யப்பட்டதா? போகும்போது இறக்கம், மூடுபனியில் விளக்கும் எரிந்தபடி. முன்விளக்கு இரண்டுக்குமே எட்டு ஒன்பது அம்பியர் வேண்டும். டைனமோ தருவதில் பெரும்பங்கு அங்கேயே தீர்ந்துவிடும்.

போதாக்குறைக்கு, பற்றரியின் மேற்புறத்தில் தூசியும் அமிலக் கசிவும் பனி ஈரமும் சேர்ந்து பிசுபிசுத்த ஒரு படை. முனைகளில் பச்சையும் வெள்ளையுமாய்ப் பூத்திருந்தது. இந்த ஈரப் படை வழியாக ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மின் இரவும் பகலும் கசிந்துகொண்டேயிருக்கும். வைகாசி முதல் புரட்டாதி வரை மழையும் முகிலும் விட்டு நீங்காத ஹட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கங்களில் இது மிகவும் சாதாரணம். அதாவது, மாசியில் வெளிப்படும் நோய் ஆடி மழையிலேயே தொடங்கிவிடுகிறது. மருந்து மலிவானது: கம்பிகளைக் கழற்றிய பின் ஒரு கோப்பை வெந்நீரில் ஒரு கரண்டி அப்பச்சோடா கரைத்து, பழைய பற்தூரிகையால் தேய்த்து, நல்ல நீரால் துடைத்து உலர்த்தி, முனைகளை இறுக்கி வசலீன் பூசிவிட வேண்டும். அப்பச்சோடா நீர் அறைகளுக்குள் இறங்கிவிடாதபடி மூடிகளை முன்னமே இறுக்கிக்கொள்ள வேண்டும். இறங்கினால் அமிலத்தை முறித்துவிடும்.

புதிய கார்களில் கள்வன் வேறு உருவில் வருகிறான். அவற்றில் எஞ்சினை நிறுத்திய பின்பும் கடிகாரம், களவு எச்சரிக்கைக் கருவி, பூட்டு, சிறு கணினிகள் எல்லாம் விழித்திருக்கின்றன. இவை அனைத்தும் சேர்ந்து முப்பது மில்லியம்பியர் எடுப்பதாகக் கொள்வோம். பல கார்களில் இது இயல்பான அளவே. ஒரு நாளைக்கு 0.7 அம்பியர்மணி, வாரத்துக்கு ஐந்து, மாதத்துக்கு இருபதுக்கு மேல். 45 அம்பியர்மணிப் பற்றரியில் மாத முடிவில் பாதி போய்விடும். இந்தக் கார்களில் டைனமோவுக்குப் பதிலாக ஓல்ற்றர்நேற்றர் இருப்பதால் நின்று ஓடும்போதும் சிறிது மின் கிடைக்கும். ஆயினும் பத்து நிமிடத்தில் கிடைப்பது ஒன்றோ இரண்டோ அம்பியர்மணி. வாரத்தில் போனதோ ஐந்து. எஞ்சினும் புகைக் குழாயும் சூடேறி முடியாமையால் உள்ளே ஈரம் தங்கித் துருப்பிடிப்பது வேறு. ஓட்டுவதாயின் அரை மணி நேரத்துக்குக் குறையாமல் பாதையில் ஓட்ட வேண்டும். இல்லையேல் தொடாமலே விட்டுவிடுவது மேல்.

இந்தக் கணக்கை நாடு முழுவதும் ஒரு முறை அனுபவித்துப் பார்த்தது. 2022 ஆம் ஆண்டு எரிபொருள் தட்டுப்பாட்டின்போது, ஜூன் மாத இறுதியில் அத்தியாவசிய சேவைகள் தவிர்ந்த ஏனையோருக்கு விற்பனை நிறுத்தப்பட்டது. பின்னர் கியூ.ஆர். குறியீட்டு முறை வந்து காருக்கு வாரம் 20 லீற்றர் என்று தொடங்கியது. அம்முறை 2023 செப்டெம்பரில்தான் முடிவுற்றது. கிடைத்த பெற்றோலை வீணாக்க மனமின்றி எல்லோரும் கார்களை நிறுத்தி வைத்தார்கள்; பற்றரிகள் வரிசையாகச் செத்தன. அவ்வாண்டு மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்வெட்டு வேறு. சுவர் மின்னில் இணைத்து ஏற்றவும் இயலவில்லை. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. ஆகவே மலைநாட்டில் இன்று ஓடுபவற்றில் பல, வயது முதிர்ந்த வாகனங்களே. முதியவர்களைப் பேணுவது போலவே இவற்றையும் பேண வேண்டியிருக்கிறது.

பேணுவது எப்படி? இரண்டு வாரத்துக்கு மேல் கார் நிற்கப்போகிறது என்று தெரிந்தால் முதலில் பற்றரியை நிறைத்துவிட வேண்டும். நிறைத்த பின் உடற்சட்டத்தோடு இணைந்திருக்கும் கம்பியை, அதாவது தரைக் கம்பியை, கழற்றி ஒதுக்கிவிட வேண்டும். இன்றைய கார்களில் அது எதிர்முனை. பழைய ஆங்கிலக் கார்கள் பலவற்றில் நேர்முனையே தரையோடு இணைந்திருக்கும் என்பதை மறவாதீர்கள்; புதுக் காரில் பழகிய கராஜ்ப் பையன் இதை அறியாமல் கம்பிகளை மாற்றிப் பூட்டி விபரீதம் விளைவித்த கதைகள் பல. எந்தக் காராயினும் தரைக் கம்பியையே முதலில் கழற்றி இறுதியில் பூட்ட வேண்டும். அப்போது சாவி தவறி உடற்சட்டத்தில் பட்டாலும் தீப்பொறி எழாது. கழற்றினால் கடிகாரமும் வானொலி நிலையங்களும் மறந்துபோகும். சில வானொலிகள் இரகசிய இலக்கமும் கேட்கும். அந்த இலக்கத்தை முன்னரே குறித்துக்கொள்க.

கழற்றி நிறைத்து வைத்த நல்ல பற்றரி நமது குளிரில் இரண்டு மூன்று மாதம் தாக்குப்பிடிக்கும். ஆனால் நள்ளிரவில் எந்நேரமும் புறப்பட வேண்டிய காருக்கு இந்த வழி பொருந்தாது. இருட்டில் கை நடுங்க நடுங்கக் கம்பியைப் பூட்டிக்கொண்டிருக்க முடியாதல்லவா? அத்தகைய காருக்குத் தானாகவே அடங்கும் சார்ஜர் வேண்டும். பழைய 'சொட்டு' சார்ஜருக்கும் இதற்கும் வேற்றுமை உண்டு. பழையது பற்றரி நிறைந்த பின்பும் ஊற்றிக்கொண்டே இருக்கும். வாரக்கணக்கில் விட்டால் நீரைக் கொதிக்க வைத்து வற்றச் செய்துவிடும். புதியது 14.4 வோல்ற்று வரை ஏற்றி நிறைத்த பின், தானே 13.5 வோல்ற்று அளவுக்கு இறங்கி, இழப்பை மாத்திரம் ஈடுசெய்துகொண்டிருக்கும். அதைப் பனிக்காலம் முழுவதும் பூட்டியே வைக்கலாம். குளிரில் பற்றரி சற்றுக் கூடிய அழுத்தத்தை வேண்டும். கொழும்பு வெப்பத்துக்கென்று அமைந்த அளவைவிட நுவரெலியா இரவுக்கு 0.3 வோல்ற்று கூடுதலாக வேண்டியிருக்கும். வெப்பநிலைக்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும் சார்ஜர் கிடைத்தால் சில நூறு ரூபாய் கூடக் கொடுத்தாலும் நட்டமில்லை.

கொட்டகையில் மின் இணைப்பு இல்லாதவர்கள் மலைநாட்டில் அநேகர். அவர்களுக்குச் சூரியனே துணை. இதில் நமக்கு ஓர் அதிர்ஷ்டம் இருக்கிறது. ஐரோப்பாவில் குளிர்காலம் என்றால் இருண்ட காலம். இங்கோ உறைபனி விழுவது வானம் தெளிந்த இரவுகளில். அந்த இரவுகளுக்கு மறுநாள் வெயில் பளிச்சென்று எரியும். தையும் மாசியும் நமது மலைகளில் வெயில் மிகுந்த மாதங்கள். ஐந்து வாற்றுச் சூரியத் தகடு ஒன்றைக் காரின் முன்கண்ணாடிக்குள் தெற்கு நோக்கி வைத்தால், நல்ல வெயிலில் நாளொன்றுக்கு ஒரு அம்பியர்மணியளவு கிடைக்கும். விழித்திருக்கும் கணினிகளின் பசிக்கு அது போதும். இரவில் மின் திரும்பி ஓடாதபடி தடுக்கும் டயோட்டு அதில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குக. பத்து வாற்றுக்கு மேற்பட்டதாயின் ஒரு கட்டுப்படுத்தியும் வேண்டும். ஆடி மாதத்து முகிலில் இத்தகடு வெறும் அலங்காரப் பொருள்தான்.

சார்ஜ் ஏறும்போது பற்றரியிலிருந்து ஐதரசன் வாயு எழும். காற்றில் நூற்றுக்கு நான்கு பங்கு அது சேர்ந்தாலே தீப்பொறி பட்டு வெடிக்கும். குளிருக்காகக் கதவு யன்னலெல்லாம் இறுக மூடிய கொட்டகையில், குப்பிவிளக்கோடு பற்றரியைக் குனிந்து பார்ப்பவர்களை நான் கண்டிருக்கிறேன். தயவுசெய்து கதவைத் திறந்துவிடுங்கள். சார்ஜரைச் சுவரில் நிறுத்திய பின்பே கம்பியைக் கழற்றுங்கள். அமிலம் கண்ணில் பட்டால் கால் மணி நேரமாவது ஓடும் நீரில் கழுவிக்கொண்டு வைத்தியரிடம் போக வேண்டும். திரவம் குறைந்தால் ஊற்ற வேண்டியது காய்ச்சி வடித்த நீர் மாத்திரமே. அமிலத்தை ஊற்றலாகாது, அருவி நீரையும் ஊற்றலாகாது. நமது ஓடை நீர் எவ்வளவு தெளிந்ததாயினும் அதில் உப்புக்கள் கலந்தேயிருக்கும்.

பற்றரியைச் சீமெந்துத் தரையில் வைத்தால் மின் இறங்கிவிடும் என்று பெரியவர்கள் பலகை போட்டு வைப்பார்கள். பழங்காலப் பெட்டிகள் கசியக் கூடியவை. அன்று அதில் நியாயம் இருந்தது. இன்றைய பிளாஸ்திக்குப் பெட்டிக்கு அந்த அச்சம் வேண்டியதில்லை. பலகையில் வைப்பதால் தீங்கும் இல்லை.

கலப்பு இயந்திரக் கார்கள், அதாவது ஹைபிரிட் கார்கள், வைத்திருப்போருக்கு ஒரு வார்த்தை. பிரியஸ், அக்குவா போன்றவற்றில் பெரிய பற்றரி ஒன்று இருப்பதால் சிறிய 12 வோல்ற்றுப் பற்றரியை எவரும் நினைப்பதில்லை. ஆனால் அந்தச் சிறியது செத்தால் பெரியதும் கண்விழிக்காது. பிரியசின் சில மாதிரிகளில் அது பின்பெட்டிக்குள் இருக்கிறது. பின்பெட்டியோ மின்னால் திறப்பது. மின் இல்லாமல் கதவு திறவாது, கதவு திறவாமல் மின் கொடுக்க இயலாது. அதற்கென்றே முன்மூடிக்கு அடியில் உருகிப் பெட்டிக்குள் ஒரு நேர்முனை வைத்திருக்கிறார்கள். அது எங்கே என்பதைப் பகலிலேயே பார்த்து வைத்துக்கொள்வது நல்லது. செம்மஞ்சள் நிறக் கம்பிகளை மாத்திரம் ஒருபோதும் தொடலாகாது. அவற்றில் ஓடுவது உயிர் கொல்லும் அழுத்தம்.

சரிவில் தள்ளிப் புறப்படச் செய்யும் நமது மலைநாட்டு வித்தையும் எல்லாக் கார்களுக்கும் பொருந்தாது. எஞ்சினைச் சுழற்றும் மோட்டாருக்கு நூற்றைம்பது இருநூறு அம்பியர் வேண்டும். பொறிச் சுருளுக்கு மூன்றே அம்பியர் போதும். ஆகவே, மோட்டாரைச் சுழற்ற மாட்டாத பற்றரியிலும் ஒரு பொறிக்குரிய உயிர் மிஞ்சியிருக்கும். சரிவு மோட்டாரின் வேலையைச் செய்துவிடுகிறது. பழைய கார்களில் இதுவே இரகசியம். கணினி வழியாகப் பெற்றோல் பாய்ச்சும் கார்களுக்கு இன்னுஞ் சற்றுக் கூடிய மின் வேண்டும். தானியங்கிக் கியர் உள்ளவையும் ஹைபிரிட்டும் எவ்வளவு உருட்டினாலும் புறப்படா. எஞ்சின் ஓடாத காரில் பிரேக்கும் ஸ்டியரிங்கும் கனத்துப்போகும் என்பதால், வளைவும் பள்ளமுமான பாதையில் அவற்றை உருட்டிப் பார்ப்பது உயிரோடு விளையாடுவதாகும்.

கார் புறப்படுமா என்பதை முதல்நாளே அறிய ஒரு வழி உண்டு. சிறிய வோல்ற்றுமானி ஒன்று இப்போது மலிவாகவே கிடைக்கிறது. காரை ஓடிவந்து நிறுத்தியவுடன் பார்த்தால் அது பொய் சொல்லும். ஓர் இரவு ஓயவிட்டு, காலையில் சாவியைத் தொடுமுன் பார்க்க வேண்டும். 12.6க்கு மேல் என்றால் நிறைவு. 12.4 என்றால் முக்கால், அன்றே ஏற்றிவிடலாம். 12.2 என்றால் பாதி. மாசிப் பனியில் அதை நம்பக் கூடாது. நிறைத்து வைத்தும் மறுநாள் காலையில் 12.4க்குக் கீழே இறங்கி நிற்கும் பற்றரி முதிர்ந்துவிட்டது. அதற்கு மேல் எந்தச் சார்ஜரும் அதற்கு உதவாது.

சென்ற தையில் அந்தத் தோட்டத்துக்கு மீண்டும் போயிருந்தேன். மொறிஸ் மைனரின் முன்கண்ணாடிக்குள் ஒரு சிறு சூரியத் தகடு சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. பற்றரி புதியது; மேற்புறம் துடைத்த தட்டுப்போல் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பத்து நிமிடத்தைக் கைவிட்டு, பதினைந்து நாளுக்கொரு முறை டிக்கோயா வரை போய்வருவதாகக் கிளாக்கர் ஐயா சொன்னார். விடியற்காலையில் புல் வெளுத்திருந்தபோது எனக்காக ஒரு முறை சாவியைத் திருப்பிக் காட்டினார். முதல் இழுப்பிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது. பிறகு காரைக் கொட்டகைக்குள் பின்புறமாக ஏற்றி, முகம் சரிவை நோக்கி இருக்கும்படி நிறுத்தி, சக்கரத்துக்கு ஒரு கல்லை வைத்தார்.